கோனார்க்கின் உச்சிக்கல்

வகுப்பில் காந்தவியல் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஒடிசாவுக்குச் சுற்றுலா சென்று திரும்பியிருந்த மாணவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, கோனார்க் கோயிலின் உச்சியில் பெரிய காந்தக்கல் ஒன்று இருந்ததாம். அது கடலில் போகும் கப்பல்களையே இழுத்ததாம். மாலுமிகள் அதைப் பெயர்த்துக்கொண்டு போனதால்தான் கோபுரம் விழுந்துவிட்டதாம். வழிகாட்டி சொன்னார். உண்மையா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். "கட்டுக்கதை" என்று ஒரே சொல்லில் விடையை முடித்துக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தேன். அந்தப் பருவம் முடியும்வரை அவர் வேறு எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

பிறகு நானே கோனார்க் சென்று பார்த்தேன். அக்கோயிலைப் பற்றிக் கிடைத்த நூல்களையும் படித்தேன். அந்த ஒரு சொல் விடை அரைகுறையானது என்பது அப்போதுதான் விளங்கிற்று. அம்மாணவருக்குத் தந்திருக்க வேண்டிய முழு விடையே இக்கட்டுரை.

கோயிலும் தலபுராணமும்

வங்காள விரிகுடாவின் கரையில், பூரி நகருக்கு வடகிழக்கே சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது கோனார்க். சூரியனைக் குறிக்கும் 'அர்க்கம்' என்னும் சொல்லும், மூலையைக் குறிக்கும் 'கோணம்' என்னும் சொல்லும் சேர்ந்து அமைந்த பெயர் இது. கண்ணனின் மகனான சாம்பன் சாபத்தால் தொழுநோய்க்கு ஆளானான் என்றும், சந்திரபாகை ஆற்றங்கரையில் பன்னிரண்டு ஆண்டுகள் சூரியனை நோக்கித் தவமிருந்து நோய் நீங்கப் பெற்றான் என்றும், நன்றிக்கடனாகச் சூரியனுக்குக் கோயில் எழுப்பினான் என்றும் தலபுராணம் கூறுகிறது.

இதில் வரலாற்று மாணவர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சந்திரபாகை என்பது பஞ்சாபில் ஓடும் சீனாப் ஆற்றின் பழம்பெயர். அதன் அருகே, இன்றைய பாகிஸ்தானில் உள்ள முல்தான் நகரில் புகழ்பெற்ற சூரியன் கோயில் ஒன்று இருந்தது. ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங் அதைக் குறிப்பிட்டுள்ளார். சாம்பனின் கதை முதலில் அந்தக் கோயிலுக்கே உரியது என்றும், பிற்காலத்தில் கீழைக்கடற்கரைக்குப் பெயர்ந்து வந்தது என்றும் அறிஞர்கள் கருதுகின்றனர். கதையோடு ஆற்றின் பெயரும் கூடவே வந்துவிட்டது. இன்றும் மாக மாத வளர்பிறைச் சப்தமி நாளில், நாம் ரதசப்தமி என்று கொண்டாடும் அதே நாளில், சந்திரபாகைக் கடற்கரையில் பல்லாயிரம் பேர் விடியலுக்கு முன் கூடி நீராடிச் சூரியனை வணங்குகின்றனர்.

இன்று நாம் காணும் கோயிலைக் கட்டியவன் கீழைக் கங்க மரபைச் சேர்ந்த முதலாம் நரசிம்மதேவன். இவன் 1238 முதல் 1264 வரை ஆண்டான். பூரி ஜகந்நாதர் கோயிலை எழுப்பிய அனந்தவர்மன் சோடகங்கனின் வழிவந்தவன் இவன். அந்தச் சோடகங்கனின் தாய் இராசசுந்தரி ஒரு சோழ இளவரசி. பெயரில் உள்ள 'சோட' என்பதும் 'சோழ' என்பதே.

கல்லில் ஒரு தேர்

சூரியன் ஏழு குதிரைகள் பூட்டிய தேரில் வானில் உலா வருகிறான் என்பது பழைய நம்பிக்கை. கோயில் முழுவதையும் அத்தேராகவே அமைத்துவிட்டனர் ஒடிசாச் சிற்பிகள். அடித்தளத்தில் 24 சக்கரங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3 மீட்டர் விட்டம். இழுப்பதற்கு ஏழு குதிரைகள். 2018-இல் வெளிவந்த பத்து ரூபாய் நோட்டின் பின்புறத்தைப் பாருங்கள். அதில் உள்ளது கோனார்க்கின் சக்கரமே.

ஒடிசாக் கோயில்களில் இரண்டு உறுப்புகள் முதன்மையானவை. கருவறையின்மேல் வளைந்து உயரும் கோபுரம் 'ரேகா தேவுள்' எனப்படும். அதற்கு முன்னால், படிப்படியாகக் குறுகும் கூரையோடு அமைந்த மண்டபம் 'ஜகமோகனம்' எனப்படும். கோனார்க்கில் இன்று நிற்பது ஜகமோகனம் மட்டுமே. அதன் உயரம் ஏறத்தாழ 39 மீட்டர். அதற்குப் பின்னால் நின்ற கோபுரம் ஏறக்குறைய 70 மீட்டர் உயரம் இருந்திருக்கும் என்று கணக்கிடுகின்றனர். இப்போது அங்கே இருப்பது கருவறையின் அடிப்பகுதியும் சிதைந்த சுவர்களுமே.

அக்கோபுரம் எப்படி விழுந்தது? இக்கேள்வியைச் சுற்றித்தான் கதைகள் பிறந்துள்ளன. அவற்றை ஒவ்வொன்றாக உரசிப் பார்ப்போம்.

காந்தக்கல் கதை

கோபுரத்தின் உச்சியில் இருந்த கல் இயற்கைக் காந்தம் என்றும், கருவறையில் இருந்த சூரியன் சிலை காந்தங்களின் நடுவே அந்தரத்தில் மிதந்தது என்றும் கதை கூறுகிறது.

முதலில் கப்பலை இழுத்த செய்தியை எடுத்துக்கொள்வோம். ஒரு காந்தத்திலிருந்து விலகிச் செல்லச் செல்ல அதன் புலம் தொலைவின் முப்படிக்கு எதிர்விகிதத்தில் குறையும். தொலைவு இரண்டு மடங்கானால் புலம் எட்டில் ஒரு பங்காகும். பத்து மடங்கானால் ஆயிரத்தில் ஒரு பங்காகும். உச்சிக்கல் 50 டன் எடையுள்ள காந்தக்கல் என்றே கொள்வோம். இயற்கைக் காந்தத்துக்கு உள்ள வலிமையைத் தாராளமாகவே கொடுத்துக் கணக்கிட்டாலும், ஒரு கிலோமீட்டர் தொலைவில் அதன் புலம் பூமியின் காந்தப் புலத்தில் ஏறத்தாழ இருபது இலட்சத்தில் ஒரு பங்குதான் இருக்கும். மாலுமியின் திசைகாட்டி முள்ளைக்கூட அது அசைக்காது. கப்பலை இழுப்பது எங்ஙனம்?

மிதக்கும் சிலைக்கும் இதே கதிதான். நிலையான காந்தங்களை எப்படி அடுக்கினாலும், அவற்றின் விசையால் மட்டும் இன்னொரு காந்தத்தையோ இரும்பையோ அந்தரத்தில் அசையாமல் நிறுத்த முடியாது என்பது ஆங்கிலேய அறிஞர் எர்ன்ஷா 1842-இல் வெளியிட்ட தேற்றத்தால் பெறப்படும் உண்மை. இம்மியளவு விலகினாலும் அப்பொருள் ஒரு பக்கம் ஓடி ஒட்டிக்கொள்ளும்.

எனினும் கதை வெறும் காற்றிலிருந்து பிறக்கவில்லை. கடலில் வருவோருக்கு இக்கோபுரம் ஓர் அடையாளம். ஐரோப்பிய மாலுமிகள் இதைக் 'கறுப்புப் பகோடா' என்று அழைத்தனர். கோபுரத்தைப் பார்த்துத் திசை அறியக் கரையை நெருங்கிய கலங்களில் சில, ஆழமற்ற அந்தக் கடலோரத்தில் தரைதட்டியிருக்கலாம். கோயிலில் பெரிய இரும்பு உத்திரங்கள் இருந்ததும் உண்மை. இவ்விரண்டும் சேர்ந்தால் காந்தக் கதை பிறக்க வேறென்ன வேண்டும்?

சக்கரக் கடிகாரம்

சக்கரங்களைச் சூரியக் கடிகாரம் என்று காட்டுவது வழிகாட்டிகளின் வழக்கம். அச்சின்மேல் விரலை வைத்து, நிழல் விழும் இடத்தைக் கொண்டு நிமிடக் கணக்காக நேரம் சொல்வர். எட்டுப் பெரிய ஆரங்களும் எட்டுச் சிறிய ஆரங்களும் இதற்கு வசதியாக உள்ளன.

ஆனால் செங்குத்துச் சுவரில் நீட்டிய குச்சியின் நிழல் நாள் முழுவதும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. ஒரே மணிக்கு அது விழும் இடமும் பருவத்துக்குப் பருவம் மாறும். மேலும் கோனார்க்கின் அட்சரேகை ஏறத்தாழ 19.9 பாகை வடக்கு. மே கடைசி வாரம் முதல் ஜூலை மூன்றாம் வாரம் வரை சூரியன் அதற்கும் வடக்கே உள்ள இடங்களின் உச்சிக்குச் சென்றுவிடுகிறது. அந்நாட்களில் தென்புறச் சக்கரங்களின் முகத்தில் நாள் முழுவதும் நேர் வெயில் படாது. வடபுறச் சக்கரங்களைத்தான் நாட வேண்டும். பொழுதைத் தோராயமாக மதிப்பிட இச்சக்கரங்கள் உதவலாம். நிமிடத் துல்லியம் என்பது மிகை.

இதுவரை பார்த்த கதைகளில் இயற்பியல் அறிவு தோற்றுவிட்டது. அடுத்து வரும் இரண்டு கதைகள் வேறு வகையின.

கஞ்சிக் கிண்ணம்

கோயில் கட்டும் பொறுப்பை ஏற்ற சிபேய் சாந்தரா என்ற அதிகாரி, நீர் நிறைந்த இடத்தின் நடுவே கற்களைக் கொட்டி அடித்தளம் போட முயன்றானாம். கொட்டிய கல்லெல்லாம் மூழ்கிப் போயிற்று. களைத்துச் சோர்ந்த அவன் ஒரு கிழவியின் குடிசையில் உணவு கேட்டான். ஆள் யாரென்று அறியாத அவள் கொதிக்கும் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள். அவன் நடுவில் கையை விட்டுச் சுட்டுக்கொண்டான். "நீயும் அந்தச் சிபேய் சாந்தராவைப் போலவே இருக்கிறாயே! ஓரத்திலிருந்து எடுத்து உண்ணக் கூடாதா?" என்றாள் கிழவி. அவனுக்கு வழி புலப்பட்டது. மறுநாள் முதல் கரையோரத்திலிருந்து கல்லைக் கொட்டி நிரப்பினான் என்கிறது கதை.

நீரின் நடுவே விழும் கல் நாற்புறமும் சரிந்து பரவும். கரையிலிருந்து தொடங்கினால் ஒருபுறம் ஏற்கெனவே தாங்கல் உண்டு. போட்ட கல்லின்மேல் நின்றே அடுத்த கல்லைப் போடலாம். இன்றும் கடலில் அலைதாங்கிச் சுவர் கட்டுவோர் பெரும்பாலும் கரையிலிருந்தே தொடங்குகின்றனர். தொழில் அறிவைப் பாமர மக்களும் மறக்காதபடி இக்கதை கஞ்சிக் கிண்ணத்தில் வைத்துக் காத்திருக்கிறது.

தர்மபதனும் மகுடக் கல்லும்

ஒடிசாவில் அறியாதார் இல்லாத கதை இது. ஆயிரத்து இருநூறு சிற்பிகள் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தும் கோபுரத்தின் மகுடத்தைப் பொருத்த முடியவில்லை. குறித்த நாளுக்குள் முடிக்காவிட்டால் அனைவருக்கும் மரண தண்டனை என்று மன்னன் ஆணையிட்டான். அப்போது தலைமைச் சிற்பி பிசு மகாராணாவைத் தேடி, அவன் அதுவரை கண்டிராத அவனுடைய பன்னிரண்டு வயது மகன் தர்மபதன் வந்து சேர்ந்தான். சிறுவன் பிழையைக் கண்டுபிடித்து, இரவோடு இரவாக மகுடத்தைப் பொருத்தினான். ஆனால் மூத்தோர் தோற்ற இடத்தில் ஒரு சிறுவன் வென்றான் என்று தெரிந்தால் ஆயிரத்து இருநூறு பேரின் உயிருக்கும் ஆபத்து. அவர்களைக் காக்க, அச்சிறுவன் கோபுரத்தின் உச்சியிலிருந்து கடலில் குதித்து உயிர் விட்டான்.

இப்படி ஒரு சிறுவன் வாழ்ந்தான் என்பதற்குக் கல்வெட்டுச் சான்று இல்லை. ஆனால் சிற்பிகள் தடுமாறிய இடமாகக் கதை எதைச் சொல்கிறது என்று கவனியுங்கள். அடித்தளத்தை அன்று, சிற்ப வேலையை அன்று, உச்சிக்கல்லையே சொல்கிறது. ஏன்?

ஒரு சிறு சோதனை செய்வோம். 24 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரே மாதிரியான நான்கு புத்தகங்களை மேசை விளிம்பில் அடுக்குங்கள். மேல் புத்தகம் தனக்குக் கீழுள்ளதைவிட 12 செ.மீ., இரண்டாவது 6 செ.மீ., மூன்றாவது 4 செ.மீ., நான்காவது மேசை விளிம்பைவிட 3 செ.மீ. என வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். மொத்தம் 25 செ.மீ. அதாவது மேல் புத்தகம் முழுவதுமாக மேசைக்கு வெளியே நிற்கும்! (கணக்கின்படி இது விழும் எல்லை, செய்து பார்ப்போர் ஐந்தாவது புத்தகம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொரு நீட்சியையும் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம்.) ஒவ்வோர் அடுக்கிலும், அதற்கு மேலுள்ள சுமையின் ஈர்ப்பு மையம் கீழுள்ள பொருளின் விளிம்பைத் தாண்டாதவரை அடுக்கு விழாது என்பதே இதன் தத்துவம்.

ஒடிசாக் கோயில்களில் வளைவு கட்டும் முறை இல்லை. ஒவ்வொரு வரிசைக் கல்லும் கீழ் வரிசையைவிடச் சிறிது உள்நோக்கி நீட்டி வைக்கப்படும். நான்கு சுவர்களும் இவ்வாறு நெருங்கி நெருங்கி, இறுதியில் எஞ்சும் இடைவெளியைப் பலகைக் கல் மூடும். இம்முறையைக் கட்டடக்கலை அறிஞர்கள் 'கதலிகாகரணம்' என்பர். உள்ளே நீட்டிய முனை கல்லைக் கவிழ்க்கப் பார்க்கும். சுவருக்குள் இருக்கும் வால்பகுதியின்மேல் அமரும் மேல் வரிசைகளின் எடை அதைத் தடுக்கும். ஒரு முனையின் திருப்புத்திறனை மறுமுனையின் திருப்புத்திறன் சமன் செய்கிறது.

அப்படியானால் ஆபத்து எங்கே? மேலிருக்கும் வரிசைகளில்தான். அவற்றை அழுத்திப் பிடிக்க மேலே எதுவும் இல்லை. இங்கேதான் மகுடம் வருகிறது. நெல்லிக்கனி வடிவில் அமைந்த 'ஆமலகம்' என்னும் பெருங்கல் அமைப்பும், அதன்மேல் கலசமும் ஏற்றப்படுகின்றன. அவற்றின் எடை கழுத்துப்பகுதி வழியாக இறங்கி, மேல் வரிசைகளை அழுத்தி இறுக்குகிறது. மகுடம் ஏறும்வரை அவ்வரிசைகள் அரைகுறைச் சமநிலையில் நிற்கின்றன. அந்த உயரத்துக்குப் பெரும் எடையை ஏற்றி, நடு அச்சிலிருந்து விலகாமல் அமர்த்துவதே கட்டடப் பணியின் கடைசிச் சோதனை. கதை தவறான இடத்தைச் சொல்லவில்லை. சிற்பிகள் உண்மையில் அஞ்சிய இடத்தையே அது சொல்கிறது.

இரும்பின் பங்கு

கல் அமுக்க விசையை நன்கு தாங்கும்; இழுவிசையை அவ்வளவாகத் தாங்காது. இருபுறமும் தாங்கி வைத்த கல் உத்திரத்தின்மேல் சுமை ஏறினால் அதன் அடிப்பக்கம் இழுபடும். அங்கேதான் விரிசல் தொடங்கும். கோனார்க் சிற்பிகள் இதற்கு இரும்பைத் துணை கொண்டனர். அங்குள்ள உத்திரங்களில் மிக நீளமானது ஏறத்தாழ 35 அடி. குறுக்குவெட்டு ஏழெட்டு அங்குலச் சதுரம். அதன் எடை ஏறக்குறைய 3 டன் வரும். இவ்வளவு பெரிய இரும்பை வார்த்தெடுக்கும் உலை அன்று இல்லை. சிறு சிறு இரும்புக் கட்டிகளைப் பழுக்கக் காய்ச்சி, ஒன்றோடொன்று அடித்து ஒட்டியே இவ்வுத்திரங்களைச் செய்துள்ளனர். கற்களை ஒன்றோடொன்று பிணைக்கவும் இரும்புப் பட்டைகளையும் முளைகளையும் பயன்படுத்தினர்.

உதவிய இரும்பே பின்னாளில் பகையும் ஆயிற்று. உப்புக் காற்றில் துருப்பிடித்த இரும்பு பருமனில் பல மடங்கு பெருகி, தன்னைச் சுற்றியுள்ள கல்லை உள்ளிருந்தே பிளக்கும். கோயிலின் பெரும்பகுதிக்குப் பயன்பட்ட 'கொண்டலைட்' என்னும் கல்லும் மழையிலும் வெயிலிலும் எளிதில் சிதையும் இயல்புடையது.

வீழ்ச்சி

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் அபுல் பசல் தம் 'அயினி அக்பரி' நூலில் இக்கோயிலின் சிறப்பை எழுதியுள்ளார்; பன்னிரண்டு ஆண்டு வருவாய் இதற்குச் செலவாயிற்று என்றும் குறித்துள்ளார். பதினேழாம் நூற்றாண்டில் வழிபாடு நின்று, கோயில் கைவிடப்பட்டது. கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் பெர்குசன் 1837-இல் வந்து பார்த்தபோது, கோபுரத்தின் ஒரு பகுதி மட்டும் 140, 150 அடி உயரத்துக்கு நின்றிருந்தது. அதை அவர் வரைந்தும் வைத்தார். 1848 அக்டோபரில் வீசிய கடும்புயலில் அதுவும் சாய்ந்தது.

வீழ்ச்சிக்கு அறிஞர்கள் பல காரணங்களைக் கூறுகின்றனர்: அடித்தளத்தின் அமிழ்வு, படையெடுப்பின் சேதம், இடி, பராமரிப்பின்மை. எது முதற்காரணம் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் இவ்வகைக் கோபுரத்தில் உச்சி அமைப்பு குலைந்தால் என்ன நேரும் என்பதை இயற்பியல் தெளிவாகச் சொல்லும். மேல் வரிசைகளின் பிடி தளரும்; இடுக்குகளில் மழைநீர் இறங்கும்; செடிகள் வேர் விடும்; இரும்பு துருப்பிடிக்கும். ஒரு வரிசை விழுந்தால் அதற்கடுத்த வரிசைதான் இனி உச்சி. அதையும் அழுத்திப் பிடிக்க மேலே எதுவும் இராது.

மணல் நிரம்பிய மண்டபம்

கோபுரம் போனபின் ஜகமோகனமும் விழுந்துவிடும் என்ற அச்சம் எழுந்தது. அன்றைய வங்காள அரசு அதன் வாயில்களை அடைத்து உள்ளே மணலை நிரப்பியது. 1903-இல் அப்பணி முடிந்தது. உள்கூரைக்கும் சுவர்களுக்கும் மணல் முட்டுக் கொடுத்தது. ஆனால் மணல் திரவத்தைப் போலப் பக்கவாட்டிலும் ஓரளவு அழுத்தும். காலப்போக்கில் அமர்ந்து கீழிறங்கும். ஈரத்தையும் பிடித்து வைக்கும். நூறு ஆண்டுகளுக்குப்பின் ஆராய்ந்தபோது மணல் பல அடி கீழிறங்கிவிட்டது தெரிய வந்தது. 1984-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இக்கோயிலின் மணலை எப்படிப் பாதுகாப்பாக அகற்றுவது என்பது இப்போது பொறியியலாளர் முன் உள்ள கேள்வி. எந்தக் கல் எந்தக் கல்லைத் தாங்குகிறது என்று அறியாமல் முட்டை எடுக்க முடியாது. தர்மபதனின் கணக்கை இன்று கருவிகளோடு மீண்டும் போட வேண்டியிருக்கிறது.

இனி என் மாணவருக்கு வருவோம். உச்சிக்கல்லுக்குக் காந்தவிசை இருந்தது என்பது தவறு. ஆனால் உச்சிக்கல் போனால் கோபுரம் நிலைகுலையும் என்பது தவறன்று. கோபுரத்தைக் காத்த விசை காந்தம் அன்று, எடை. கதை கல்லைச் சரியாகக் காட்டிவிட்டு விசையின் பெயரை மட்டும் மாற்றிச் சொல்லிவிட்டது. "கட்டுக்கதை" என்று நான் சிரித்தபோது இரண்டையும் சேர்த்தே வீசியெறிந்துவிட்டேன்.

அடுத்த ஆண்டு, அவர் மேல்வகுப்பில் இருந்தபோது, அவரை அழைத்து நான்கு புத்தகங்களை மேசை விளிம்பில் அடுக்கிக் காட்டி இதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஐயா, மேல் புத்தகத்தை மட்டும் எடுத்தால் மற்ற மூன்றும் நிற்கின்றனவே, கோபுரம் மட்டும் ஏன் நிற்காது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. கோபுரத்தின் மேல் வரிசைகள் இந்தப் புத்தகங்களைவிட அதிகமாக நீட்டியிருந்தால் என்ன ஆகும் என்று, இருவரும் ஒரு கல்லை வாலில் வைத்தும் எடுத்தும் அடுக்கிப் பார்க்கத் தொடங்கினோம்.